ரோஜா நகரத்தின் புத்தாண்டு ஆட்டம்

1994 ஜூலையில் உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதியாட்டத்தை நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தவர்களுக்கு அந்த மைதானம் நினைவிருக்கும். பிரேசிலும் இத்தாலியும் இரண்டு மணி நேரம் ஓடியும் ஒரு கோல்கூட விழவில்லை. கடைசியில் ராபர்ட்டோ பாஜியோ உதைத்த பெனால்டி, கம்பத்துக்கு மேலே பறந்தது. அவர் இடுப்பில் கைவைத்துத் தலைகுனிந்து நின்ற அந்தப் புல்தரை, கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்தில் இருக்கும் ரோஸ் பவுல்.

அந்த மைதானம் கட்டப்பட்டது வேறோர் ஆட்டத்துக்காக. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் பந்து நீள்வட்டமாக இருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிந்து பிடிப்பார்கள், ஓடுபவரை மோதிக் கீழே தள்ளுவார்கள். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் டச்டவுன். இந்த ஆட்டத்தை வளர்த்தவை பல்கலைக்கழகங்கள்தான். தொழில்முறைக் கிளப்புகள் பிறகு வந்தவை. கல்லூரி அணிகளின் பருவம் இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். அதன்பின், பனி விழாத ஊர்கள் சில, நன்றாக ஆடிய இரண்டு அணிகளைத் தங்கள் செலவில் வரவழைத்து ஓர் ஆட்டம் வைக்கும். இதைத்தான் பவுல் ஆட்டம் என்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மூத்தது பாசடீனாவில் புத்தாண்டு அன்று நடக்கும் ரோஸ் பவுல்.

இந்த ஆட்டத்தின் வரலாற்றை வெற்றி தோல்விப் பட்டியலாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். மைதானத்துக்குள் யாரை விட்டார்கள், யாரை வாசலில் நிறுத்தினார்கள், வசூலான பணம் யார் கைக்குப் போனது என்று பார்த்தால்தான் அந்த வரலாறு முழுமையாகத் தெரியும்.

தொடக்கத்தில் ஆட்டமே இல்லை, பூக்கள்தான் இருந்தன. 1870களில் இந்தியானா மாநிலத்தின் கடுங்குளிருக்குத் தப்பி வந்த குடும்பங்கள் குடியேறிய ஊர் பாசடீனா. ஆரஞ்சுத் தோட்டங்களும், பின்னணியில் சான் கேப்ரியல் மலைத்தொடரும், ஜனவரியிலும் இளவெயிலும் கொண்ட இடம். கிழக்குக் கரையின் பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வரத் தொடங்கினார்கள். பெரிய விடுதிகள் எழுந்தன. 1880களின் பிற்பகுதியில் நில வியாபாரம் பொங்கி எழுந்து அப்படியே அடங்கிப்போக, ஊருக்கு விளம்பரம் தேவைப்பட்டது. உயிரியல் அறிஞர் சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் உள்ளிட்டோர் நடத்திவந்த வேலி ஹண்ட் கிளப் ஒரு யோசனை சொன்னது. நியூயார்க் பனியில் புதைந்து கிடக்கும் நாளில் இங்கே ரோஜா பூத்திருப்பதை நாடு பார்க்கட்டும் என்பதே அது.

1890 ஜனவரி 1 அன்று குதிரை வண்டிகளைப் பூக்களால் அலங்கரித்து ஊர்வலம் விட்டார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் தேர் நிலைக்கு வந்தபின் உறியடியும் வழுக்கு மரமும் நடப்பதுபோல, ஊர்வலம் முடிந்ததும் ஓட்டப் பந்தயம், கயிறு இழுத்தல், குதிரையில் பாய்ந்துகொண்டே வளையத்தை ஈட்டியால் கோக்கும் போட்டி என்று மாலைவரை விளையாட்டுகள் நடந்தன. விழாவுக்கு ரோஜாப் போட்டித் திருவிழா என்று பெயர் விழுந்தது. 1893இல் புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தபோது, தேவாலயங்களின் வாசலில் கட்டியிருக்கும் குதிரைகள் ஊர்வல ஆரவாரத்தில் மிரண்டு வழிபாட்டைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி விழாவைத் திங்களுக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை. தேவாலய வாசலில் குதிரை நின்ற காலம் போய்விட்டது. ஆனாலும் ஞாயிறன்று ஊர்வலமும் இல்லை, ஆட்டமும் இல்லை.

ஃபுட்பால் வந்தது 1902இல். விழாவுக்குக் கூட்டம் சேர்க்க, கிழக்கிலிருந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தையும் மேற்கிலிருந்து ஸ்டான்ஃபோர்டையும் அழைத்தார்கள். மிச்சிகனின் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட், 1900இல் ஸ்டான்ஃபோர்டுக்கே பயிற்சி கொடுத்தவர். அவருடைய புதிய அணி அந்தப் பருவம் முழுவதும் எதிரிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. பாசடீனாவிலும் கொடுக்கவில்லை. நீல் ஸ்னோ ஒருவரே 5 டச்டவுன் போட்டார். மிச்சிகன் தன் 11 பேரில் ஒருவரைக்கூட மாற்றாமல் ஆடியது. 49-0 என்று இருந்தபோது, இன்னும் 8 நிமிடம் மிச்சமிருக்கையில், ஸ்டான்ஃபோர்டின் அணித்தலைவர் ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பருவத்தில் மிச்சிகன் எடுத்த மொத்தம் 550, கொடுத்தது பூஜ்யம்.

பார்க்க வந்த சுமார் 8,000 பேருக்கு இந்த ஒருதலைப்பட்சமான மோதல் ருசிக்கவில்லை. விழாக் குழு ஃபுட்பாலை 14 ஆண்டுகளுக்கு மூட்டை கட்டி வைத்தது. பென்-ஹர் நாவலின் புகழ் உச்சத்தில் இருந்த காலம் என்பதால் 1904 முதல் ரோமானிய ரதப் போட்டிகள் நடந்தன. 1913இல் தீக்கோழிப் பந்தயமும், யானைக்கும் ஒட்டகத்துக்கும் ஓட்டப் போட்டியும் வைத்தார்கள், யானை வென்றது.

இந்த இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. தலைக்கவசம் கட்டாயமில்லாத, கூட்டமாகச் சேர்ந்து மோதும் அந்தக் கால ஆட்டத்தில் மாணவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1905இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டிவந்தது. மறு ஆண்டு பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. ஆட்டம் சற்று விரிந்தது. ஆனால் ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் ஃபுட்பாலைக் கைவிட்டு ரக்பிக்குப் போய்விட்டன. மேற்குக் கரையின் இரண்டு பெரிய அணிகளும் இல்லாமல் பாசடீனா யாரை வைத்து ஆட்டம் நடத்தும்?

1916இல் மறுபடியும் தொடங்கினார்கள். கொட்டும் மழையில் வாஷிங்டன் ஸ்டேட் அணி, கிழக்கிலிருந்து வந்த பிரவுன் பல்கலைக்கழகத்தை 14-0 என்று வென்றது. சேற்றில் ஆடித் தோற்ற அணியில் ஃபிரிட்ஸ் பொல்லார்ட் என்ற இளைஞர் இருந்தார். புத்தாண்டு ஆட்டத்தில் கால் வைத்த முதல் கறுப்பின வீரர் அவர். பின்னாளில் தொழில்முறை லீகின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரானார். அதற்குரிய பெருமைக்கூடத்தில் அவர் பெயர் ஏறியது 2005இல். அவர் இறந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன்பின் ஆட்டம் நிலைத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் கல்லூரிகளுக்குப் பதிலாக ராணுவ முகாம்களின் அணிகள் ஆடின. கூட்டம் பெருகப் பெருக, அதுவரை ஆட்டம் நடந்த டூர்னமென்ட் பார்க்கின் மரப்பலகை இருக்கைகள் தாங்கவில்லை. அரோயோ செக்கோ என்ற வறண்ட ஓடைப் பள்ளத்தாக்கில் புதிய மைதானம் கட்ட முடிவாயிற்று. கட்டடக் கலைஞர் மைரன் ஹண்ட், 1914இல் திறக்கப்பட்ட யேல் பல்கலைக்கழகத்தின் மைதானத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். நடுவில் தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகக் கொட்டி, அந்தக் கரைமேல் இருக்கைகளை அமைக்கும் முறை அது. கோவேறு கழுதைகளைப் பூட்டி மண் இழுத்தார்கள். யேல் மைதானத்துக்கு அதன் கிண்ண வடிவத்தால் பவுல் என்று பெயர். இங்கே பத்திரிகையாளர் ஹார்லன் ஹால் அதன்முன் ரோஜாவைச் சேர்த்தார். பின்னர் மற்ற ஊர்கள் நடத்திய ஆட்டங்களுக்கெல்லாம், மைதானம் எந்த வடிவத்தில் இருந்தாலும், இந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

1923 ஜனவரி 1 அன்று அங்கே முதல் புத்தாண்டு ஆட்டம். ஆட வந்த பென் ஸ்டேட் வாகன நெரிசலில் சிக்கித் தாமதமாக வந்து சேர்ந்தது. வேண்டுமென்றே காக்கவைத்தார்கள் என்று உள்ளூர் அணியான தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் கொதிக்க, இரு பயிற்சியாளர்களும் கைகலக்கும் நிலைக்குப் போனார்கள். தாமதமாகத் தொடங்கிய ஆட்டம் நிலவொளியில் முடிந்தது. மின்விளக்கு இல்லாத மைதானத்தில் நிருபர்கள் தீக்குச்சி கிழித்து அந்த வெளிச்சத்தில் செய்தி எழுதினார்கள். தெற்குக் கலிபோர்னியா 14-3 என்று வென்றது.

1920கள் இந்த ஆட்டத்தை நாடறிய வைத்தன. 1926இல் வாஷிங்டனை 20-19 என்று வென்று திரும்பிய அலபாமா அணியை, ரயில் நின்ற ஊர்களிலெல்லாம் தென் மாநில மக்கள் திரண்டு வரவேற்றார்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற மண்ணுக்குக் கிடைத்த பெருமையாக அதைக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு வானொலி அந்த ஆட்டத்தை நாட்டின் இரு கரைகளுக்கும் கொண்டுபோனது.

ரோஸ் பவுலின் மிகப் புகழ்பெற்ற ஓட்டம் 1929இல் நிகழ்ந்தது. கலிபோர்னியாவும் ஜார்ஜியா டெக்கும் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டாவது கால்பகுதியில் ஜார்ஜியா டெக் வீரரின் கையிலிருந்து பந்து நழுவியது. கலிபோர்னியாவின் ராய் ரீகல்ஸ் அதைக் கைப்பற்றினார். மோத வந்தவர்களிடமிருந்து விலகித் திரும்பிய நொடியில் திசை மாறிப்போனது. பாய்ந்து ஓடினார், தன் அணியின் எல்லைக்கோட்டை நோக்கியே. சுமார் 65 கெஜம். பின்னால் அவருடைய சக வீரர் பென்னி லோம் கத்திக்கொண்டே துரத்தினார். அரங்கத்தின் இரைச்சலில் அந்தக் குரல் ரீகல்ஸுக்குக் கேட்கவில்லை. எல்லைக்கு மிக அருகில் லோம் அவரை எட்டிப்பிடித்துத் திருப்ப முயன்றபோது, எதிரணி வந்து மோதி ரீகல்ஸை ஒரு கெஜக் கோட்டருகே வீழ்த்தியது. ஆபத்திலிருந்து மீள, அடுத்த நகர்விலேயே கலிபோர்னியா பந்தைத் தூர உதைக்கப் பார்த்தது. ஜார்ஜியா டெக் அந்த உதையைத் தடுத்து 2 புள்ளி பெற்றது. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 8-7. தோல்விக்கு அந்த 2 புள்ளியே போதுமானதாக இருந்தது.

இடைவேளையில் ரீகல்ஸ் போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுதார். முதல் பாதியைத் தொடங்கிய அதே 11 பேர்தான் இரண்டாம் பாதியையும் தொடங்குவார்கள் என்று பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ் அறிவித்தார். தன்னால் முடியாது என்று ரீகல்ஸ் சொன்னபோது, ஆட்டம் பாதிதான் முடிந்திருக்கிறது, எழுந்து போ என்றார். ரீகல்ஸ் எழுந்து போனார். இரண்டாம் பாதியில் எதிரணியின் உதை ஒன்றையும் தடுத்தார். அடுத்த ஆண்டு அவரே கலிபோர்னியாவின் அணித்தலைவர். வாழ்நாள் முழுதும் அந்த ஓட்டத்தைப் பற்றிய கேள்விகள் அவரைத் துரத்தின. 1964இல் தொழில்முறை வீரர் ஜிம் மார்ஷல் இதேபோல் தவறான திசையில் ஓடியபோது, அவருக்கு ஆறுதல் கடிதம் எழுதியவர் ரீகல்ஸ். அன்று பிரைஸ் எடுத்த முடிவு, பயிற்சியாளர்கள் எவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது. அவர் இழந்தது ஓர் ஆட்டத்தை. ஓர் இளைஞனை இழந்துவிடாமல் காப்பாற்றினார்.

பொருளாதாரப் பெருவீழ்ச்சி வந்தபோது, வெயிலும் விடுதிகளும் உள்ள மற்ற ஊர்கள் பாசடீனாவைப் பார்த்து விழித்துக்கொண்டன. 1935 புத்தாண்டில் மயாமி ஆரஞ்சு பவுலையும் நியூ ஆர்லியன்ஸ் சுகர் பவுலையும் தொடங்கின. எல் பாசோவில் சன் பவுல் அதே ஆண்டு. 1937இல் டல்லஸில் ஓர் எண்ணெய் வியாபாரியின் முயற்சியில் காட்டன் பவுல். ஆரஞ்சு, கரும்பு, வெயில், பருத்தி என்று அந்தந்த மண்ணின் விளைச்சலே ஆட்டத்துக்குப் பெயராயிற்று. 1937இல் கியூபாவின் ஹவானாவிலும் ஓர் ஆட்டம் நடந்தது. நிகழ்ச்சி மலரில் ராணுவத் தலைவர் ஃபுல்ஹென்சியோ பாட்டிஸ்டாவின் படம் இல்லை என்பதற்காக அது நின்றுபோக இருந்தது. அவசரமாக அச்சகத்துக்கு ஓடிப் படத்தைச் சேர்த்த பிறகே ஆபர்னும் வில்லனோவாவும் மைதானத்தில் இறங்கின.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடுவது ஆபத்து என்று ராணுவம் சொல்ல, ரோஸ் பவுல் முதன்முறையாக ஊர் மாறியது. ஏற்கெனவே அழைக்கப்பட்டிருந்த டியூக் பல்கலைக்கழகம் தன் மைதானத்தைத் தருவதாகச் சொன்னது. ஆட்டம் அமெரிக்காவின் மறு கரையில் இருக்கும் வட கரோலினாவின் டர்ஹம் நகருக்குப் போயிற்று. பக்கத்துப் பல்கலைக்கழகங்களிடமிருந்து இருக்கைகளைக் கடன் வாங்கிப் போட்டார்கள். 1942 ஜனவரி 1 அன்று, குளிர்ந்த மழையில், 56,000 பேர் முன்னிலையில், யாரும் எதிர்பாராத விதமாக ஓரிகான் ஸ்டேட் 20-16 என்று டியூக்கை வென்றது.

ஓரிகான் ஸ்டேட் அணியில் ஜாக் யோஷிஹாரா என்ற ஜப்பானிய வம்சாவளி மாணவர் இருந்தார். அரசு அதிகாரிகள் வந்து, அவர் ஊரைவிட்டு வெகுதூரம் பயணம் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சக வீரர்கள் ரயிலேறிப் போக, அவர் பின்தங்கினார். பிப்ரவரியில் வெளியான அரசாணையின்படி மேற்குக் கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரும் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள், யோஷிஹாராவும் போனார். பாசடீனாவுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள சான்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானத்தில், குதிரை லாயங்களிலேயே குடும்பங்களைத் தங்கவைத்தார்கள். ரோஜாத் திருவிழாவின் வரலாற்றை எழுதும்போது இந்த லாயங்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அன்று டர்ஹமில் மோதிக்கொண்டவர்கள் சில மாதங்களில் ஒரே சீருடைக்குள் வந்தார்கள். 1944இல் இத்தாலியப் போர்முனையில் டியூக்கின் சார்லஸ் ஹேன்ஸ் குண்டடிபட்டுக் கிடந்தபோது, அவரைக் காப்பாற்றிக் கொண்டுசென்றவர் ஓரிகான் ஸ்டேட்டின் ஃபிராங்க் பார்க்கர்.

தென் மாநிலங்களின் பவுல் ஆட்டங்களில் நிறவெறி எழுதாத சட்டமாக இருந்தது. வடக்கிலிருந்து வரும் அணி தன் கறுப்பின வீரரை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பல கல்லூரிகள் வெட்கமில்லாமல் அப்படியே செய்தன. கறுப்பினக் கல்லூரிகள் தங்களுக்கென்று 1933 முதல் ஃபுளோரிடாவில் ஆரஞ்சு பிளாசம் கிளாசிக் என்ற ஆட்டத்தை நடத்திக்கொண்டன. 1948 காட்டன் பவுலுக்கு பென் ஸ்டேட் அணி வாலஸ் டிரிப்லெட், டென்னி ஹாகார்டு என்ற இரு கறுப்பின வீரர்களோடு வந்தபோது, டல்லஸ் விடுதிகள் அவர்களை ஏற்காது என்பதால் அணி முழுவதும் கடற்படை விமானத் தளத்தில் தங்கியது. ஆட்டம் 13-13 என்று சமனில் முடிந்தது. அந்தப் பருத்தி மைதானத்தில் முதன்முதலாக ஆடிய கறுப்பினத்தவர்கள் அவர்கள்.

1951இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஆடிய 9 ஆட்டங்களிலும் வென்றது. அணியில் ஓலி மேட்சன், பர்ல் டோலர் என்ற இரு கறுப்பினத்தவர்கள். அவர்களை விட்டுவிட்டு வந்தால் பவுல் ஆட்டத்துக்கு இடமுண்டு என்று பேச்சு வந்தது. அணி மறுத்தது. விவாதமே தேவைப்படவில்லை என்று பின்னாளில் அந்த வீரர்கள் நினைவுகூர்ந்தார்கள். அந்தப் பணம் வந்திருந்தால் கடனில் இருந்த அந்தக் கல்லூரியின் ஃபுட்பால் பிழைத்திருக்கக்கூடும். பருவம் முடிந்ததும் கல்லூரி ஆட்டத்தையே கைவிட்டது. அந்த ஓரணியிலிருந்து மேட்சன், ஜீனோ மார்க்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் ஆகிய மூவர் தொழில்முறை ஆட்டத்தின் பெருமைக்கூடத்தில் இடம் பெற்றார்கள். டோலர் 1965இல் தொழில்முறை லீகின் முதல் கறுப்பின நடுவரானார். பவுல் ஆட்டங்களின் வரலாற்றில் மிக உயர்ந்த அணி எது என்று கேட்டால், எந்தப் பவுலிலும் ஆடாத இந்த அணியைத்தான் சொல்ல வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து நியூ ஆர்லியன்ஸில் சோதனை வந்தது. 1956 சுகர் பவுலுக்கு ஜார்ஜியா டெக்கும் பிட்ஸ்பர்க்கும் தேர்வாகியிருந்தன. பிட்ஸ்பர்க்கில் பாபி கிரியர் என்ற கறுப்பின வீரர் இருந்தார். ஜார்ஜியாவின் ஆளுநர் மார்வின் கிரிஃபின், கறுப்பினத்தவர் ஆடும் மைதானத்தில் நம் மாநில அணி இறங்கக்கூடாது என்று 1955 டிசம்பர் 2 அன்று தந்தி அடித்தார். அதற்கு முந்தைய நாள்தான் பக்கத்து அலபாமாவில், பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதாகியிருந்தார். அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் மாணவர்கள், வெள்ளையர்களே, தெருவில் இறங்கி ஆளுநரின் கொடும்பாவியை எரித்து, அவர் மாளிகைவரை ஊர்வலம் போனார்கள். இன நீதிக்காகப் போனவர்களைவிடத் தங்கள் ஆட்டம் பறிபோகிறதே என்ற கோபத்தில் போனவர்கள் அதிகமாக இருந்திருக்கலாம். ஆனால் கல்லூரியின் தலைவர் பிளேக் வான் லீர் பின்வாங்கவில்லை. ஆட்சிக் குழு ஆட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. ஜனவரி 2 அன்று கிரியர் ஆடினார், சுகர் பவுலில் ஆடிய முதல் கறுப்பினத்தவராக. அவர்மேல் நடுவர் சொன்ன ஒரு தவற்றால் எல்லைக்கு அருகே பந்தைப் பெற்ற ஜார்ஜியா டெக், அந்த ஒரே டச்டவுனில் 7-0 என்று வென்றது. அது தவறே அல்ல என்று கிரியர் கடைசிவரை சொல்லிவந்தார்.

லூசியானா சட்டமன்றம் அதே ஆண்டு, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து விளையாடுவதையே தடைசெய்து சட்டம் போட்டது. 1959இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தச் சட்டம் வீழ்ந்தது. ஆனாலும் சுகர் பவுலில் அடுத்த கறுப்பின வீரர்கள் இறங்க 1965வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாசடீனா இதற்குள் வேறு பாதையில் போய்விட்டது. 1946இல் போட்ட ஒப்பந்தப்படி, ரோஸ் பவுலில் ஒரு பக்கம் மத்திய மேற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகக் கூட்டமைப்பும் மறு பக்கம் பசிபிக் கரையின் கூட்டமைப்பும் மட்டுமே ஆடும். தோல்வியறியாத ராணுவக் கல்லூரி அணியைப் பார்க்க ஆசைப்பட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகைகள் இதைத் திட்டித் தீர்த்தன. 1947இல் இலினாய் அணி வந்து யுசிஎல்ஏவை 45-14 என்று நொறுக்கியதும் திட்டுவது நின்றது. 1952இல் தொலைக்காட்சி ஆட்டத்தைக் கரையிலிருந்து கரைக்குக் கொண்டுபோனது. மிச்சிகனிலும் ஒகாயோவிலும் பனியில் உறைந்து கிடந்த வீடுகளுக்கு, பிற்பகல் வெயிலில் மின்னும் மலைகளும், கடைசிக் கால்பகுதியில் அவை ரோஜா நிறமாக மாறும் அந்தியும் வந்து சேர்ந்தன. 1890இல் வேலி ஹண்ட் கிளப் விரும்பிய விளம்பரம் இதைவிட முழுமையாக நிறைவேறியிருக்க முடியாது. 1973இல் தெற்குக் கலிபோர்னியாவும் ஒகாயோ ஸ்டேட்டும் மோதியதைப் பார்க்க 1,06,869 பேர் மைதானத்தில் நிரம்பினார்கள்.

அதே ஊரில் இருக்கும் கால்டெக் மாணவர்கள் 1961இல் செய்த காரியத்தையும் விடமுடியாது. அறிவியல் கல்லூரியான கால்டெக்குக்கு ரோஸ் பவுலில் ஆடும் வாய்ப்பே கிடையாது. அந்த ஆண்டு ஆடிய வாஷிங்டனின் ரசிகர்கள் இடைவேளையில் வண்ண அட்டைகளைத் தூக்கிப் படம் காட்டுவது வழக்கம். யார் எந்த அட்டையை எப்போது தூக்க வேண்டும் என்ற குறிப்புத் தாள்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தன. கால்டெக் மாணவர்கள் சிலர் இரவில் அவற்றை எடுத்து மாற்றிவைத்துவிட்டார்கள். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, வாஷிங்டனின் ரசிகர்கள் கால்டெக் என்ற பெயரை அரங்கமெங்கும் எழுதிக்காட்டினார்கள். அந்தப் பிரம்மாண்டத்தில் மாணவர்களுக்கென்று இடம் இருந்த ஒரு நொடி அது.

பவுல் ஆட்டங்கள் யார் சாம்பியன் என்று முடிவுசெய்யப் பிறந்தவை அல்ல. பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துத்தான் நாட்டின் முதல் அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். பல ஆண்டுகள் அந்த வாக்கெடுப்பே பவுல் ஆட்டங்களுக்கு முன்பு முடிந்துவிடும். 1965 பருவத்தில் அசோசியேட்டட் பிரஸ் ஆட்டங்கள் முடியட்டும் என்று காத்திருந்தது. முதல் மூன்று இடங்களில் இருந்த மிச்சிகன் ஸ்டேட், ஆர்கன்சா, நெப்ராஸ்கா மூன்றும் ஒரே புத்தாண்டு நாளில் தோற்றன. நான்காம் இடத்திலிருந்த அலபாமா, ஆரஞ்சு பவுலில் நெப்ராஸ்காவை வென்று சாம்பியனானது. இப்படி ஒருநாள் கூத்தை ருசித்தபின் யாருக்கும் பழைய முறை போதவில்லை.

கணினிக் கணக்கும் வாக்கும் சேர்ந்து முதல் இரு அணிகளை மோதவிடும் முறை 1998இல் வந்தது. அதன் உச்சம் 2006 ஜனவரி 4 அன்று ரோஸ் பவுலிலேயே நிகழ்ந்தது. 34 ஆட்டங்களாகத் தோல்வியறியாத தெற்குக் கலிபோர்னியாவுக்கு எதிராக, 19 நொடி மிச்சமிருக்கையில், டெக்சாஸின் வின்ஸ் யங் பந்தை எறிய ஆளில்லாமல் தானே ஓடிக் கோட்டைத் தாண்டினார். 41-38. கல்லூரி ஆட்டங்களில் இதைவிடச் சிறந்த ஒன்றைச் சொல்வது கடினம். 2014 பருவத்தில் நான்கு அணிகளின் நாக்-அவுட் வந்தது. 2024இல் அது 12 அணியானது. ரோஸ் பவுல் இப்போது அந்தப் படிக்கட்டில் ஒரு படி.

சாம்பியனைத் தேடிய இந்தப் பாதையில் மற்ற ஆட்டங்கள் மெலிந்தன. ஆனால் எண்ணிக்கை மட்டும் வீங்கியது. தொலைக்காட்சிக்கு டிசம்பர் மாத மாலைகளை நிரப்ப ஆட்டங்கள் வேண்டும். 2015 பருவத்தில் பவுல் ஆட்டங்கள் 40 ஆகிவிட்டன. 6 வெற்றி பெற்றால் தகுதி என்ற விதியின்படி ஆளே தேறாமல், 5 ஆட்டத்தில் வென்று 7இல் தோற்ற மூன்று அணிகளையும் உள்ளே எடுத்தார்கள். ஆரஞ்சும் பருத்தியும் போதாமல், மயோனைஸ், உருளைக்கிழங்கு, தின்பண்டக் கம்பெனிகளின் பெயர்கள் ஆட்டங்களின் தலைமேல் ஏறின.

வீரர்கள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ரோஸ் பவுலின் ஒளிபரப்பு உரிமைக்கு மட்டும் ஆண்டுக்கு 8 கோடி டாலர் பேசப்பட்ட காலத்தில், ஆடுபவருக்கு ஒரு பவுல் ஆட்டத்துக்கு 550 டாலர் மதிப்புள்ள பரிசுப் பொருளைத்தான் தரலாம் என்று விதி இருந்தது. ஒரு முழங்கால் முறிவு போதும், தொழில்முறை வாழ்க்கை கைநழுவிப்போக. 2016இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் லூசியானா ஸ்டேட்டின் லியோனார்டு ஃபோர்னெட்டும் பவுலில் ஆடமாட்டோம் என்று விலகினார்கள். விசுவாசமற்றவர்கள் என்று அவர்களைத் தூற்றியது பெரும் அநியாயம். பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2023இல் 13 ஆட்டமும் வென்றும் நாக்-அவுட்டில் சேர்க்கப்படாத ஃபுளோரிடா ஸ்டேட், பல வீரர்கள் விலகிய நிலையில் ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது.

2023 புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமை. வழக்கப்படி ரோஸ் பவுல் ஜனவரி 2 அன்று நடந்தது. பென் ஸ்டேட் 35-21 என்று யூட்டாவை வென்றது. இரு கூட்டமைப்புகளின் சாம்பியன்களுக்கும் இடம் வைத்த 1946 ஒப்பந்தத்தின் வழியில் நடந்த கடைசி ரோஸ் பவுல் அது. நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மைதானத்தின் முதல் புத்தாண்டு ஆட்டத்தில் தோற்றுத் திரும்பிய அதே பென் ஸ்டேட். அடுத்த ஆண்டே பசிபிக் கூட்டமைப்பு சிதறியது. தொலைக்காட்சிப் பணம் அதிகம் கிடைக்கும் இடத்துக்கு தெற்குக் கலிபோர்னியா, யுசிஎல்ஏ, ஓரிகான், வாஷிங்டன் நான்கும் போயின. அந்த இடம், 75 ஆண்டுகளாக ரோஸ் பவுலில் அவற்றின் எதிர்ப்பக்கம் நின்ற அதே மத்திய மேற்குக் கூட்டமைப்புதான். 1916இல் மழையில் மேற்குக் கரைக்கு முதல் வெற்றியைத் தந்த வாஷிங்டன் ஸ்டேட்டையும், 1942இல் டர்ஹமுக்கு ரயிலேறிய ஓரிகான் ஸ்டேட்டையும் யாரும் அழைக்கவில்லை. இரண்டும் தனித்து விடப்பட்டன.

இந்த இழப்பு பெரிது. அதைப் பணத்தின் பேராசை என்று பெயர் சொல்லியே குறிப்பிட வேண்டும். ஆனால் அதே பணத்தின் கணக்கில் ஒரு பழைய பாக்கியும் தீர்க்கப்பட்டிருக்கிறது. கல்லூரி வீரர்கள் 2021 முதல் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26 கல்வியாண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம் என்று ஆனது. மிச்சிகனும் ஸ்டான்ஃபோர்டும் மோதி 123 ஆண்டுகள் கழித்து வந்த இந்த உரிமை, நுழைவுச் சீட்டு விற்ற முதல் நாளிலேயே வந்திருக்க வேண்டியது.